ஓடு

ஓண்டா நகரில் இரவுப் பணி.
நூறு மீட்டர் சூளைக்குள்
உருளைகள்மேல் மல்லாந்தபடி போகின்றன ஓடுகள்,
ஆயிரத்து இருநூறு பாகையை நோக்கி,
அவசரம் இல்லாமல்.

ஒட்டிலியாவின் கையில் பதினோராவது கலவை.
பால்போல் இருக்கிறது, குடிக்கக் கூடாது.
டைட்டேனியம் தூள், கொஞ்சம் சிலிக்கா,
சொட்டுக் கணக்கில் பாஸ்பரஸ் அமிலம்.
ஓட்டின்மேல் தெளித்தால்
ஒரு தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கு.
அந்தக் கனத்துக்குத்தான் எட்டு மாதம்.

வெயில் பட்டால் அழுக்கைத் தின்னும் தூள் இது.
அனடேஸ் என்று பெயர்.
பசி இருக்கும்வரைதான் அந்தப் பெயர்.
சூடு ஏற ஏற அதன் அணுக்கள்
நெருங்கி உட்கார்ந்து, இடம் பிடித்து,
ரூட்டைல் ஆகிவிடும்.
அதே பொருள், ஏறக்குறைய அதே வெள்ளை,
பசி மட்டும் போய்விடும்.
"மேலாளர் ஆக்கிய தொழிற்சங்கக்காரன் மாதிரி,"
என்பான் சூளைக்காரன் பட்டிஸ்ட்.
ரெமெய் சிரிக்கமாட்டாள். அவள்தான் ஆய்வகத் தலைவி.

நெருப்பில் போய்வந்தும் பசி ஆறாத ஒன்று வேண்டும்.
கேட்பது அவ்வளவுதான்.

சோதனைக்கு ஒரு பொட்டு நீலச் சாயம் போதும்.
முதல் ஓட்டில், தூக்கக் கலக்கத்தில்,
பொட்டுக்குப் பதில் தன் பெயரை எழுதினாள் ஒட்டிலியா.
பிறகு அதுவே வழக்கமாயிற்று.
தெற்கு ஜன்னல் விளிம்பில்
பத்து ஓடுகள், பத்து ஒட்டிலியாக்கள்,
வெயிலுக்கு அசையாமல்.

பத்தும் தோல்வி.
ஆனாலும், ருமேனியாவை விட்டு வந்த ஒன்பது வருடத்தில்
அவள் பெயர் பிழையில்லாமல் நின்ற இடம்
அந்த ஜன்னல் ஒன்றுதான்.
குடியிருப்பு அட்டையில் முன்னால் ஒரு எச் உண்டு.
இந்த நாட்டு வாயில் எச் ஒலிக்காது,
தாளில் மட்டும் உட்கார்ந்திருக்கும்.
திருத்தப் போனாள் மூன்று முறை.
மூன்று முறையும் வேறு ஜன்னல், வேறு வரிசை.

பதினொன்று வெளியே வந்தது.
பட்டிஸ்ட் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தான்,
அவனுக்கு ஒலி சரி.
ஒன்றை முற்றத்துச் சுவரில் சாய்த்தார்கள்,
ஒன்று ஜன்னலுக்கு.

அந்த வாரம் சஹாராவிலிருந்து மண் வந்தது,
பின்னாலேயே மழை.
ஊரே செம்மண் குழம்பு.
ஆரஞ்சு இலைகள், முதலாளியின் வெள்ளைக் கார்,
உலர்த்தப்போட்ட யாருடையவோ சட்டை.
காலையில் முற்றத்தில் மூவரும் நின்றார்கள்.

தாமரை இலைத் தண்ணீர் தெரியும்,
ஒட்டாது, உருண்டு ஒதுங்கும்.
இது அதற்கு நேர் எதிர்.
துளி விழுந்ததும் துளியாய் இருக்க மறுத்து,
படர்ந்து, தழுவி,
மண்ணுக்கு அடியில் புகுந்து
மண்ணையே தூக்கிக்கொண்டு இறங்கியது.
ஓடு என்றது ஓடு.
ஓடியது.

பட்டிஸ்ட் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், மரியாதையோடு.

ஜன்னலில் நீலம்
திங்களன்று நீலம், புதனன்று சாம்பல்,
வெள்ளியன்று வெறும் ஓடு.
முதல் வெற்றி
அவள் பெயரைத் தின்று முடித்திருந்தது.

"மறுபடி எழுது," என்றாள் ரெமெய்,
"மூன்று முறை மறைந்தால்தான் கணக்கு."
பத்து மணிக்கு ரொட்டியும் முட்டை அடையும் வாங்கி வந்தாள்,
அவள் வாங்கி வந்தது அதுவே முதல் தடவை.
அறிக்கையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும்,
கலவை எண் இருக்கும்.

இரண்டாம் முறையும் பெயர் போனது.

மூன்றாம் முறை தூரிகையைத் தோய்த்தவள்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.
பிறகு அட்டையில் உள்ளபடி எழுதினாள்,
எச் சேர்த்து, நன்றாகப் பெரிதாக,
வெயிலின் பக்கம் திருப்பி வைத்தாள்.

எச்தான் முதலில் மறைந்தது
என்று சொல்ல ஆசை.
இல்லை.
எல்லா எழுத்தும் ஒன்றாகத்தான் வெளிறின,
வெள்ளிவரை.